ஏசியைப் போடாமல் ஓட்ட வேண்டுமாம்!

"ஏசியைப் போடாமல் ஓட்டுங்கள் சார், ஒன்றும் ஆகாது." இந்த ஒரு வாசகத்தைக் கேட்பதற்காக இரண்டு மாதங்களில் மூன்று கார்ப் பட்டறைகளுக்கு அலைந்திருக்கிறேன். அக்கினி நட்சத்திர வெயிலில், வடபழனி சிக்னலில், பின் இருக்கையில் வயதான அம்மாவை வைத்துக்கொண்டு ஏசியைப் போடாமல் ஓட்ட வேண்டுமாம். பல் வலி என்று போனால் இனிமேல் சாப்பிடாதீர்கள் என்று அனுப்பிவைப்பதுதான் வைத்தியமா?

ஓடும்போது என் வண்டியில் ஒரு குறையும் கிடையாது. நின்றால்தான் கூத்து. ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது என்ஜின் சுற்றும் வேகம், நிமிடத்துக்கு 800 சுற்றில் (ஆர்.பி.எம்.) நிற்க வேண்டியது 600க்கு இறங்கும். ஸ்டியரிங் கையில் நடுங்கும். அடுத்த நிமிடம் ஏசியிலிருந்து அடுப்படிக் காற்று வரும். வெப்பமானி முள் மெல்ல மேலே ஏறும். பச்சை விழுந்து நாலு தப்படி ஓடியதும் எதுவுமே நடக்காததுபோல் குளிர்ந்துவிடும்.

முதல் பட்டறைக்காரர், என்ஜினுக்குக் காற்று போகும் வழியான த்ராட்டில் பாடியில் கரி என்று சுத்தம் செய்து 1,500 ரூபாய் வாங்கினார். இரண்டாமவர் அழுத்தமானியைக்கூட மாட்டிப் பார்க்காமல் "ஏசியில் கேஸ் குறைவு" என்று ஏற்றிவிட்டார். போதாக்குறைக்கு, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் இறங்கியிருந்த இடத்தில் குழாய்த் தண்ணீரையும் ஊற்றினார். நம் ஊர் உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குள் என்ன செய்யும் என்பதை அவர் வீட்டு வாளியைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கலாம். மூன்றாமவர் பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டார்: ஏசி கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரெஸர் போய்விட்டது, 28,000 ரூபாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே பானெட்டைத் திறந்து, என்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டு எதிரே நின்றேன். என் வண்டியில் ஏசியைப் போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. மோட்டாரின் முதுகில் ஒரு குச்சியால் தட்டினேன். சுற்றியது! உள்ளே, சுழலும் பாகத்துக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. மூன்று பேரில் ஒருவர்கூட, ஒருவர்கூட, அங்கே குனிந்து பார்க்கவில்லை.

இதில் மர்மம் என்ன இருக்கிறது? ரேடியேட்டருக்கு முன்னால்தான் ஏசியின் கன்டென்சர் இருக்கிறது. காரின் உள்ளிருந்து எடுத்த சூட்டை அது வெளியே கொட்டுகிறது. அந்தச் சூடான காற்றுதான் ரேடியேட்டருக்குப் போய்ச் சேருகிறது. வண்டி ஓடினால் எதிர்க்காற்று இரண்டையும் ஆற்றிவிடும். நின்றால் ஃபேனை விட்டால் நாதியில்லை. ஃபேன் செத்தால் கன்டென்சருக்குள் கேஸின் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் கம்ப்ரெஸர் இழுக்கத் திணறும். அந்தப் பாரம் பெல்ட் வழியாக என்ஜின் தலையில்தான் விழும். ஏசி போட்டதும் ஐடிலிங்கைச் சற்று உயர்த்தி ஈடுகட்ட, என்ஜினை ஆளும் கணினியான ஈ.சி.யு. பார்க்கும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. அழுத்தம் எல்லை மீறினால் கம்ப்ரெஸரையே நிறுத்திவிடும். அதனால்தான் வெந்த காற்று. நடுக்கம், வெக்கை, முள் ஏறுவது எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே. ஏற்கெனவே திணறிய அமைப்பில் கூடுதலாகக் கேஸை வேறு ஏற்றிய புண்ணியவானை என்ன சொல்ல!

ஏசியை அணைத்தால் பாரம் குறையும், முள் இறங்கும், உண்மைதான். நடுவழியில் சிக்கியவனுக்கு அது சரியான யோசனை. பட்டறையில், கையில் ஸ்பேனரோடு நிற்பவர் அதையே பழுதுபார்ப்பு என்று விற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் 3,200 ரூபாயில் மோட்டாரை மாற்றிக் கொடுத்தார். நேற்று அதே சிக்னலில் இரண்டு சுற்றுச் சிவப்புக்கு நின்றேன். முள் பாதியைத் தாண்டவில்லை. ஆனால் கூடுதலாக ஏற்றிய கேஸை அளவு பார்த்து எடுக்க வேண்டும், உப்புத் தண்ணீரை வடித்துக் கூலன்ட் மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் மறுபடியும் ஒரு பட்டறை வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.