சைக்கியிலிருந்து தங்கம் வரப்போவதில்லை

சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் தொடங்கி ஏற்காடு அடிவாரம் வரை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: 'சைக்கி என்ற சிறுகோள் முழுக்கத் தங்கம். நாசா அதைத் தோண்டப் போய்விட்டது. தங்கம், வெள்ளி விலை அதலபாதாளத்துக்குப் போகும். நகையை இப்போதே விற்றுவிடுங்கள்.'

இது தவறு. 2023 அக்டோபர் 13-ல் சைக்கி விண்கலம் கிளம்பியது மட்டும் உண்மை. அது போய்ச் சேர்வதே 2029-ல்தான். அங்கும் தரையிறங்காது, தோண்டாது. சுற்றிவந்து படமெடுக்கும், காந்தப்புலம் இருக்கிறதா என்று பார்க்கும். திரும்பி வரும் ஏற்பாடே அதில் இல்லை.

சரி, சைக்கியின் மதிப்பு 'கோடி கோடி டாலர்' என்று சொல்கிறார்களே, அந்தக் கணக்கு எப்படி வந்தது? சைக்கி முழுவதும் உலோகம் என்று வைத்துக்கொண்டு, முக்கியமாக அதன் இரும்பை நம் சந்தை விலையால் பெருக்கிய கணக்கு அது. பாறையும் உலோகமும் கலந்தது என்பதுதான் இப்போதைய கணிப்பு. இரும்புத் தாது நம் கஞ்சமலையிலேயே கிடக்கிறதே!

விண்ணிலிருந்து நிஜமாக வந்து சேர்ந்தது எவ்வளவு என்று பாருங்கள். பென்னு சிறுகோளுக்குப் போன நாசா கலம், 7 ஆண்டுகள் கழித்து 2023-ல் கொண்டுவந்தது 121.6 கிராம். செலவு 100 கோடி டாலருக்கு மேல். தராசில் வைத்தால் 15 பவுன் எடை. ஆனால் எல்லாம் கரிய தூளும் கல்லும். ரியுகு என்ற இன்னொரு சிறுகோளிலிருந்து ஜப்பான் 2020-ல் கொண்டுவந்ததோ சுமார் 5.4 கிராம், ஒரு பவுன்கூடத் தேறாது.

சிறுகோளில் சுரங்கம் வைப்போம் என்று 2012-ல் ஆரவாரமாக அறிவித்த பிளானட்டரி ரிசோர்சஸ் என்ற அமெரிக்க நிறுவனம், ஒரு கிராம்கூட எடுக்காமல் 2018-ல் ஒரு பிளாக்செயின் (கிரிப்டோ நாணயங்களுக்கு அடிப்படையான தொழில்நுட்பம்) நிறுவனத்திடம் கைமாறியது.