ஒரு போன் கோல் எடுத்திருக்கலாம்

எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் லயம், அதாவது காம்பரா எனும் அறைகள் கொண்ட தொழிலாளர் வரிசை வீடு, மண்ணுக்குள் போய்விட்டதென்று ஒரு செய்திப் பக்கம் போட்ட ஏஐ படத்தை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். மறுபடி இங்கே போடமாட்டேன். "அழித்துவிட்டோம், மன்னிப்பும் கேட்டாச்சு, இன்னும் என்ன?" என்று அந்தப் பக்கத்தை நடத்தும் தம்பிமார் கமெண்டில் கேட்கிறார்கள். சொல்கிறேன்.

அன்று ராத்திரி எங்கள் தோட்டத்தின் மேல் டிவிஷனில் நடந்தது இவ்வளவுதான்: மதகுக்கு மேலே மண்மேடு சரிந்து ரோட்டை மூடியது. லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒன்பதரை மணிச் செய்தியில் லயமே மண்ணுக்குள் போய்விட்டது. கூடவே ஏஐ செய்து கொடுத்த படம். அதில் ஓட்டுக் கூரை. எங்கள் லயத்தில் தகரம்; காற்று தூக்காமலிருக்க மேலே கல்லும் பழைய டயரும் வைத்திருக்கிறோம். அழுகிற பெண்ணின் முதுகில், ராத்திரி மழையில், கொழுந்துக் கூடை. பின்னால் ஒரு பெயர்ப்பலகை. தமிழ் மாதிரியே சுழிகள், ஆனால் ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்லை. இதைப் பார்த்தும் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லையா?

கொழும்பில் வீட்டு வேலை செய்யும் என் சின்னம்மாவுக்கு வரவில்லை. மகளும் பேரனும் அந்த லயத்தில்தான். மகளின் போன் சார்ஜ் இறங்கிக் கிடந்தது. "தம்பி, எங்க காம்பரா போயிருச்சா? அத மட்டும் சொல்லு" என்று எனக்கு எடுத்தார். நான் தொழிலாளர்களின் தோட்டத் தலைவருக்கு எடுத்தேன். இரண்டாவது ரிங்கிலேயே பேசினார். "லயம் நல்லா இருக்கு. பயத்துல எல்லாரையும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம்." ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதைச் சொல்ல எடுத்தால், சின்னம்மா ஏற்கெனவே கிளம்பிப் புறக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார், ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் வீட்டு எஜமானி நோனாவின் செருப்பு.

அந்த ஒரு கோலைத்தான் கேட்கிறேன். வேறொன்றும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து சின்னம்மா கேட்டார்: "படத்துல அழுத பொம்பளைக்கு என்னாச்சு தம்பி?" அப்படி ஒரு பெண்ணே இல்லை என்று அவருக்குப் புரிய வைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2016ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபைக்கு நான் போட்ட விண்ணப்பத்தைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்ததே ஏஐதான். நண்பர் இரண்டு இடம் திருத்தினார், அவ்வளவுதான். பேட்டியை எழுத்தாக்கட்டும், மொழிபெயர்க்கட்டும், எனக்குச் சந்தோஷம். தோட்டத்துக்குக் கோல் எடுத்து விசாரிப்பது செய்தி போடுகிறவனின் வேலை. சின்னப் பக்கம், சம்பளமில்லாத பிள்ளைகள் என்கிறீர்கள். ஒரு கோலுக்கு எவ்வளவு ரீலோட் போகும்?

"நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கே, முறைப்பாடு செய்" என்பவர்களுக்கு: எனக்கு அது வேண்டாம். இணையத்தில் எது பொய் என்று ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு தீர்மானிக்கும் 2024ஆம் ஆண்டுச் சட்டம் நாளைக்கு எங்கள் பிள்ளைகள் மேலேயே பாயும், தோட்ட நிர்வாகத்தைப் பற்றி எழுதினார்கள் என்று. இந்தத் தம்பிமார் உள்ளே போவதிலும் எனக்கு விருப்பமில்லை. ஏஐ செய்த படமென்றால் அதைப் படத்திலேயே சொல் என்று சீனாவில் 2025 செப்டம்பரிலிருந்து விதி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த ஏஐ சட்டமும் டீப்ஃபேக், அதாவது நிஜம் மாதிரியே செய்த போலி, ஏஐ செய்தது என்பதை மறைக்காதே என்கிறது. நம் சட்டத்தில் அந்த ஒரு வரி இல்லை. சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு ஊடகமும் தன் நடத்தைக் கோவையில் நாளைக்கே எழுதலாம்.

மன்னிப்பா? 2018 மார்ச்சில் ஃபேஸ்புக்கில் பரவிய வெறுப்புப் பதிவுகளும் சேர்ந்து முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் கண்டிப் பக்கம் திகன எரிந்ததற்கு ஃபேஸ்புக்கும் மன்னிப்புக் கேட்டது, இரண்டு வருஷம் கழித்து, 2020இல்.

டித்வா புயலின் மண்சரிவுகளுக்குப் பிறகு தகரத்தில் மழை விழுந்தால் எங்கள் ஆட்களுக்குத் தூக்கமில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன். போன கிழமை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை எங்கள் குரூப்பில் போட்டேன். பக்கத்துக் காம்பரா அண்ணன் கேட்டார்: "இதுவும் ஏஐயா தம்பி?" நாளைக்கு உண்மையிலேயே வெளியேறச் சொல்லும்போதும் இதையே கேட்டுக்கொண்டு படுத்திருந்தால் யார் பதில் சொல்வது?

யோசித்துப் பார்த்தால் ஏஐயைக் குறை சொல்லியும் பயனில்லை. 2014 ஒக்டோபர் 29, பதுளை மாவட்டத்து மீரியபெத்த தோட்டத்தில் லயங்கள் மண்சரிவில் புதைந்தன. அன்றைக்கு ஏஐ இல்லை. காணாமல் போனவர்கள் நூறு, இருநூறு, முந்நூறு என்று ஆளுக்கொரு கணக்குப் போட்டார்கள். எங்கள் ஆட்களின் எண்ணிக்கை யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இன்றைக்கும் செய்தியாளர்கள் எத்தனை பேரின் போனில் ஒரு தோட்டத் தலைவரின் நம்பர் இருக்கிறது? நூறு வருஷத்துக்கு முன்னே, வெளியாள் உள்ளே வரமுடியாத காலத்தில், பத்திரிகையாளரும் தோட்டத் தொழிற்சங்க முன்னோடியுமான கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேஷத்தில் தோட்டத்துக்குள் வந்து எங்கள் நிலைமையைப் பார்த்தார். உங்களுக்கு வேஷம் வேண்டாம். மலை ஏறவும் வேண்டாம்.

தலைவரிடம் பேசிவிட்டேன். நம்பர் கொடுக்கச் சொன்னார். செய்தி போடுகிற யாராக இருந்தாலும் இன்பாக்ஸில் கேளுங்கள், தருகிறேன். ராத்திரி எத்தனை மணியானாலும் எடுக்கட்டும் என்றார்.