விடியவோ, மத்தியானமோ?

குஞ்சம்மா போர் முடிந்த 2009 மே மாதம் முல்லைத்தீவு வட்டுவாகலில் மகனை இராணுவத்திடம் கையளித்துவிட்டு வந்தவ. போன கிழமை யாழ்ப்பாணத்தில் காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கிற ஒரு கந்தோருக்கு அவவைக் கூட்டிக்கொண்டு போனேன். உத்தியோகத்தர் பழைய கோப்பைப் புரட்டினார்.

"மகனைக் குடுத்த நேரம் முந்தி மத்தியானம் எண்டு சொல்லியிருக்கிறியள். இப்ப விடிய எண்டுறியள். எது சரி அம்மா?"

குஞ்சம்மாவுக்குக் குரல் வரவில்லை. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தா. பின்னால் யாரோ கதிரையை இழுத்த சத்தத்துக்கு உடம்பே தூக்கிப்போட்டது. "நீங்கள் சொல்லாட்டி நாங்கள் என்ன எழுதுறது?" என்றார் அவர்.

உயிர்ப்பயத்தில் பதிகிற நினைவு மணிக்கூடு பார்த்துப் பதிவதில்லை. சப்பாத்துச் சத்தம், ஒரு மணம், பிள்ளை திரும்பிப் பார்த்த முகம் எல்லாம் அப்படியே நிற்கும். நேரமும் ஒழுங்கும் கலைந்துபோகலாம். மனவடுவைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது பாலபாடம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் எங்கள் மண்ணில் இருந்தே பல வருடங்களாக இதை எழுதியிருக்கிறார். ஆனால் எங்கள் கந்தோர்களில் நேரம் மாறினால் பொய் என்றுதான் இன்னமும் எடுக்கிறார்கள்.

தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லப் பொலிசுக்குப் போகிற பெண்ணுக்கும் இதே கதிதான். ஆட்கள் வந்துபோகிற மேசையில் வைத்து "ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று கேட்டால் அவள் எப்படி வாய் திறப்பாள்? சொன்னதைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னால், எதற்கு வைக்கிறோம் என்றாவது அவளுக்குத் தெரியுமா? தமிழ் அரசகரும மொழியானது 1987இல். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015இல் வந்து, 2023இல் புதுச் சட்டமாகவும் ஆகிவிட்டது. பாதிக்கப்பட்டவரைக் கண்ணியத்தோடு நடத்தவேண்டும் என்பது அதில் எழுதிய உரிமை.

நான் கேட்பது பெரிய செலவில்லை. கதவு தெரிகிற பக்கமாக ஒரு கதிரை. கூட வந்தவரைப் பக்கத்தில் இருக்க விடுங்கள். என்ன கேட்கப்போகிறீர்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். "ஏலாட்டி நிப்பாட்டுவம்" என்ற ஒரு சொல் போதும். முக்கியமாக, ஒருதரம் தமிழில் ஒழுங்காக எழுதியதை அடுத்த கந்தோரும் ஏற்கட்டும். ஒவ்வொரு மேசையிலும் முதலில் இருந்து சொல்லவைக்காதீர்கள்.

அந்த உத்தியோகத்தரில் எனக்குக் கோபம் இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த சனத்தில் அவரும் ஒரு சின்னப் பெடியனாக இருந்திருக்கலாம். நாள் முழுக்க இப்படிக் கதைகளையே கேட்கிற அவரை யாராவது விசாரித்திருப்பார்களா? பயிற்சியோடு சேர்த்து அவர்களுக்கும் ஆறுதலாகக் கதைக்க ஒரு ஆள் வேண்டும்.

வெளியே வந்து ஓட்டோவில் ஏறினதும் குஞ்சம்மா என்ர கையைப் பிடித்தா.

"தம்பி, நான் நேரத்தை மாத்திச் சொன்னதால பிள்ளையின்ர பேரை வெட்டிப்போடுவினமோ?"

வீடு வரும்வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தா.