டிராம் ஓடுறதுக்கு பதிலா மியூசியம் ஆகாது

கொல்கத்தா போறவங்க விக்டோரியா மெமோரியல், ஹவுரா பாலம்னு சுத்துறதுக்கு நடுவுல எஸ்பிளனேட் டிராம் டிப்போவுல இருக்குற ஸ்மரணிகா மியூசியத்தையும் பாத்துட்டு வாங்க. தனிக் கட்டடம்லாம் இல்ல, 1938ல செஞ்ச ரெண்டு பெட்டி டிராம்தான் மியூசியமே, ஒண்ணுல டீ காபி குடிக்கலாம், இன்னொண்ணுல பழைய டிக்கெட்டு, பாஸ், கண்டக்டர் தொப்பி, பேட்ஜ், போட்டோன்னு வச்சிருக்காங்க. 2014ல திறந்தது. சின்ன இடம்தான், ஆனா அந்த டிக்கெட்டுங்களை விட்டு நகரவே எனக்கு மனசு வரல. 1953ல டிராம் கட்டணத்தை ஒரே ஒரு பைசா ஏத்தினதுக்கு கொல்கத்தா ஜனங்க ரோட்டுல இறங்கி அப்படி போராடிருக்காங்க! அதே 1953 ஏப்ரல்லதான் நம்ம மெட்ராஸ்ல டிராமையே நிறுத்தினாங்க. இத்தனைக்கும் கரண்ட் டிராம் நமக்குதான் முதல்ல வந்துச்சு, 1895லயே. அவங்களுக்கு 1873ல குதிரை இழுத்த டிராம், கரண்ட்ல ஓடுனது 1902லதான்.

இப்ப அங்கயும் கதை முடியப் போகுதுன்றதுதான் தாங்க முடியல. 2024 செப்டம்பர்ல மேற்கு வங்க அரசு, மைதானம் (ஊரு நடுவுல இருக்குற பெரிய திடல்) - எஸ்பிளனேட் தடத்தை மட்டும் பாரம்பரியம்னு வச்சுக்கிட்டு மத்ததை நிறுத்துறோம்னு சொல்லுச்சு, காரணம் டிராஃபிக்காம். டிராம் மெதுவாதான் போகுது, ஒத்துக்கறேன், ஆனா ஏன் மெதுவா போகுது? ரோட்டு நடுவுல டிராமுக்குன்னே தனியா இருந்த தடத்தை பல இடத்துல எடுத்துட்டு கார், பஸ், ஆட்டோ எல்லாத்தையும் தண்டவாளம் மேலயே விட்டாங்க, அப்புறம் டிராம் வழியை மறிக்குதுன்னு அதையே குத்தம் சொன்னா அது என்ன நியாயம்? ஒதுங்கிப் போறதுக்கு அதுக்கு ஸ்டீயரிங்கா இருக்கு? மெல்போர்ன்ல 250 கிலோமீட்டருக்கு இன்னைக்கும் டிராம் ஓடுது, ஆபீஸ் போறவங்க அதுலதான் போறாங்க, புகையும் இல்ல. பெரிய பணக்கார ஊருக்கு தேவைப்படுறது கொல்கத்தாவுக்கு மட்டும் ஏன் தேவையில்லாம போச்சு?

மியூசியம் வேணாம்னு சொல்லல, அது கட்டாயம் வேணும். ஆனா சுத்திப்பாக்க வர்றவங்களை ஏத்திக்கிட்டு மைதானத்தை ஒரு ரவுண்டு வர்றதுக்கு பேரு போக்குவரத்து இல்ல. ஷியாம்பஜார் - எஸ்பிளனேட், கரியாஹாட் - எஸ்பிளனேட் ரெண்டு தடத்தையாவது விடாம ஓட்டணும், டிராமுக்கு தனி இடத்தை திருப்பிக் கொடுக்கணும், புதுப் பெட்டி வாங்கணும். அங்க இருக்குற நம்ம தமிழ் ஆளுங்களும் இதைக் கொஞ்சம் சத்தமா கேளுங்க.