மானிட்டர் முறையும் நம்ம சட்டாம்பிள்ளையும்

கட்டுரை நல்லா இருக்கு, ஆனா கிளாஸ் மானிட்டர்ங்கிற ஏற்பாடே இங்கிலாந்துல பிறந்து நமக்கு வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அத மட்டும் என்னால ஏத்துக்க முடியலங்க. நான் காரைக்குடி பக்கம், எங்க ஐயா திண்ணைப் பள்ளிக்கூடத்துல படிச்சவுக. அங்க வாத்தியார் ஒருத்தர்தான், மூத்த பையன் ஒருத்தன் சட்டாம்பிள்ளையா இருந்து சின்னப் பிள்ளைகளுக்கு மணல்ல விரல் பிடிச்சு எழுதப் பழக்குவான், எண்சுவடிய, அதாவது கணக்கு வாய்ப்பாட்ட, அவன் சத்தமா சொல்லச் சொல்ல மத்த பிள்ளைக திருப்பிச் சொல்லும், பழைய பின்னக் கணக்குல முந்திரின்னா 320ல ஒரு பங்கு, காணி 80ல ஒரு பங்கு, மா 20ல ஒரு பங்கு, வட்டிக்கணக்கு பாக்குற ஊர்ல இதெல்லாம் மனப்பாடமா வேணும்ல.

ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்து பாதிரியார், 1789ல மெட்ராஸ் எழும்பூர்ல அனாதைப் பையன்க பள்ளிக்கூடத்த ஏத்து நடத்துனவர், நம்ம பிள்ளைக மணல்ல எழுதிப் பழகுறத பாத்துட்டுத்தான் தன் பள்ளிக்கூடத்துலயும் அத கொண்டு வந்தார், பையனே பையனுக்குச் சொல்லிக்கொடுக்குற ஏற்பாட்டையும் அங்கதான் வளர்த்தார். ஊர் திரும்பி 1797ல லண்டன்ல புத்தகமாவே போட்டுட்டார். அங்க இதுக்குப் பேரே மெட்ராஸ் சிஸ்டம்! ஜோசப் லங்காஸ்டர்னு இன்னொருத்தரும் லண்டன்ல கிட்டத்தட்ட இதே மாதிரி நடத்துனார், யாரு முதல்லன்னு ரெண்டு தரப்புக்கும் பெரிய சண்டை. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல மெட்ராஸ் காலேஜ்னு ஒரு ஸ்கூல் இன்னைக்கும் இருக்கு, பெல் கொடுத்த பணத்துல வந்தது.

மானிட்டர்ங்கிற பேரு லத்தீன்ல இருந்து வந்தது, சரி. ஆனா வேலைய செஞ்சு காட்டுனது நம்ம திண்ணைங்க. தயவுசெஞ்சு கட்டுரைல பெல் பேரையும் சட்டாம்பிள்ளையையும் சேருங்க.