ரெசாங் லாவிலிருந்து திரும்பியவர்களுக்கு ரேவாரி செலுத்த வேண்டிய மரியாதை

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 18ஆம் தேதி, ஹரியாணாவின் ரேவாரி நகரில், 1962 இந்திய-சீனப் போரில் லடாக்கின் ரெசாங் லா கணவாயில் போரிட்ட வீரர்களுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது. மலர்வளையம், மேடை, தலைவர்களின் உரை எல்லாம் உண்டு. அது நடக்க வேண்டிய ஒன்று என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஓர் ஊர் தன் படைவீரர்களுக்குச் செய்யும் முதல் மரியாதை, அவர்கள் திரும்பி வந்து சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு நம்புவதுதான். ரெசாங் லாவிலிருந்து உயிரோடு வந்த மிகச் சிலருக்கு அந்த மரியாதை உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. கல்லில் பெயர் பொறிப்பதைப் பற்றி நாம் எவ்வளவு பேசினாலும், இந்தக் குறையையும் சேர்த்துப் பேசாவிட்டால் அந்த அஞ்சலி முழுமையாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

1962 போரில் ரெசாங் லாவைக் காத்து நின்றது 13ஆவது குமாவுன் பட்டாலியனின் சார்லி கம்பெனி. மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் சுமார் 120 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ரேவாரி, மகேந்திரகர், குருகிராம் வட்டாரங்களைச் சேர்த்து அகீர்வால் என்று அழைக்கப்படும் பகுதியின் யாதவ விவசாயக் குடும்பங்களில் பிறந்தவர்கள். கம்பும் கடுகும் விளையும், கோடையில் அனல் வீசும் சமவெளியில் வளர்ந்தவர்கள். அவர்கள்தான் 16,000 அடிக்கும் மேலான உயரத்தில், போதிய குளிருடைகூட இல்லாமல், சுஷூல் விமானத் தளத்தை நோக்கி எதிரி வரக்கூடிய கணவாயில் நிறுத்தப்பட்டார்கள். கையில் இருந்தவை பெரும்பாலும் பழைய .303 துப்பாக்கிகள். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் பின்னுள்ள பிடியைக் கையால் இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த குண்டு ஏறும். குளிரில் விரல் மரத்துப்போன ஒருவருக்கு அந்த ஓர் அசைவு எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எதிரே வந்த சீனப் படையினரிடம் தானியங்கித் துப்பாக்கிகள் இருந்தன. பின்னாலிருந்த இந்தியப் பீரங்கிகளுக்கும் ரெசாங் லாவுக்கும் நடுவே ஒரு மலைமுகடு குறுக்கிட்டதால், பீரங்கி உதவி கிடைக்கவும் வழியில்லை. இவை அத்தனையும் தெரிந்தேதான் அவர்கள் அங்கே நின்றார்கள்.

நவம்பர் 18 விடியும் முன்பே தாக்குதல் தொடங்கியது. முதல் அலைகளை நம்மவர்கள் முறியடித்தார்கள். பிறகு பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் சுற்றி வளைக்கப்பட்டபோது, சுமார் 2 கிலோமீட்டர் தூரத்துக்குப் பரவியிருந்த பிளாட்டூன்கள் எனும் சிறு பிரிவுகளுக்கிடையே ஷைத்தான் சிங் குண்டு மழைக்குள் மாறி மாறிச் சென்று வீரர்களுக்குத் துணை நின்றார். அவர் படுகாயமுற்றபோது தூக்கிச் சென்ற வீரர்களிடம், தன்னை விட்டுவிட்டுப் போய்விடும்படி உத்தரவிட்டார். அவர்கள் அவரை ஒரு பாறையின் மறைவில் கிடத்தினார்கள். குண்டுகள் தீர்ந்த இடங்களில் துப்பாக்கிமுனைக் கத்தியாலும் வெறுங்கையாலும் சண்டை தொடர்ந்தது. சுஷூலில் உள்ள நினைவுச்சின்னம் அன்று மாண்டவர்களின் எண்ணிக்கையை 114 என்று சொல்கிறது.

என்னை மிகவும் வருத்துவது இதற்கு அடுத்து நடந்ததுதான். சிலர் காயத்தோடு தளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சிலர் போர்க் கைதிகளாகப் பிடிபட்டார்கள். கைதாகி, அங்கிருந்து தப்பி வந்தவரும் உண்டு. இவர்கள் தங்கள் கம்பெனி கடைசி மனிதன் வரை போரிட்டது என்று சொன்னபோது, அதைக் கேட்டவர்களில் பலர் நம்பவில்லை. இராணுவத்திலும் ஐயம் எழுந்தது, ஊரிலும் எழுந்தது. அந்த ஐயத்துக்கு ஒரு பின்னணி இருந்ததை நான் மறுக்கவில்லை. அதே நாட்களில்தான் கிழக்கே, இன்றைய அருணாசலப் பிரதேசத்தில், சேலாவும் பொம்டிலாவும் கைவிட்டுப் போயின. நாடு முழுவதும் தோல்விச் செய்தியே நிறைந்திருந்தது. எல்லா முனைகளிலும் பின்வாங்கல் என்று கேட்டுக் கேட்டுச் சலித்தவர்களுக்கு, ஒரே ஓர் இடத்தில் யாரும் பின்வாங்கவில்லை என்ற செய்தி மிகைப்படுத்தலாகத் தோன்றியிருக்கலாம். ஆயினும், நண்பர்களையும் உறவினர்களையும் கண்ணெதிரே பறிகொடுத்துவிட்டு வந்த ஒருவரிடம், “மற்றவர்கள் எல்லாம் செத்திருக்க, நீ மட்டும் எப்படித் தப்பித்தாய்?” என்ற பொருளில் ஒரு பார்வை விழுவதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது.

அவர்களுக்குச் சாட்சி சொன்னது 1963 பிப்ரவரியில் அந்த மலைக்குச் சென்ற குழு கண்ட காட்சிதான். மூன்று மாதங்கள் பனியில் உறைந்து கிடந்த வீரர்கள், பதுங்குகுழிகளில் ஆயுதத்தைப் பிடித்தபடியே இருந்தார்கள். மருத்துவ உதவியாளர் தரம்பால் தஹியாவின் உடல், காயமுற்றவருக்கு மருந்து செலுத்தும் ஊசிக்குழல் கையில் இருந்தபடியே கிடைத்தது. ஷைத்தான் சிங்கின் உடல், தப்பி வந்தவர்கள் சொன்ன அதே பாறை மறைவில் இருந்தது. அவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று அன்று தெரிந்தது. உயிரோடு இருந்தவர்களின் வாக்குமூலத்தை மெய்ப்பிக்க இறந்தவர்களின் உடல்கள் தேவைப்பட்டதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

விருதுகள் வந்தன. ஷைத்தான் சிங்குக்குப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. அவருடைய தகுதிக்கு அதில் ஓர் அணுவும் கூடுதல் இல்லை. அந்த ஒரே கம்பெனியின் சண்டைக்காக 8 வீர் சக்ராக்களும் வழங்கப்பட்டன. ஜமேதார்கள் ஹரி ராம், சுர்ஜா, ராம் சந்தர். ஹுகம் சந்த், குலாப் சிங், ராம் குமார், சிங் ராம். இவர்களோடு தரம்பால் தஹியா. இந்த எட்டுப் பெயர்களை ரேவாரிக்கு வெளியே எத்தனை பேரால் சொல்ல முடியும்? அதிகாரியின் பெயர் பாடநூலில் இடம்பெறுகிறது, சிப்பாயின் பெயர் “உடன் போரிட்ட வீரர்கள்” என்ற சொற்றொடருக்குள் அடங்கிவிடுகிறது. எல்லாப் போர்களிலும் இதுதான் வழக்கம். சிப்பாய் பிறந்த ஊராவது இந்த வழக்கத்தை மாற்ற வேண்டும். அவருக்காகப் பேச வேறு ஊர் வராது.

ரேவாரி அதற்கான முயற்சியைச் செய்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நகரில் நினைவிடம் இருக்கிறது, குருகிராமிலும் இருக்கிறது. தில்லி தானாக நினைத்துக்கொள்ளட்டும் என்று காத்திராமல், அகீர்வால் மக்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் அந்த நினைவு அணையாமல் இருந்தது. இந்த நினைவு இன்று, அகீர் எனப்படும் யாதவர்களுக்குத் தனியே அகீர் ரெஜிமெண்ட் வேண்டும் என்ற கோரிக்கையோடும் பின்னிப் பிணைந்திருக்கிறது. அந்தக் கோரிக்கையின் சரி தவறுக்குள் நான் போகவில்லை. ஒரு சமூகம் தன் பிள்ளைகளை நினைத்துப் பெருமைப்படுவது இயல்பு. அந்தப் பெருமைக்கு அவர்கள் கொடுத்த விலையும் மிகப் பெரியது. ஆனால் அந்தப் பதுங்குகுழிகளில் யாதவர் அல்லாத ராஜஸ்தானின் ராஜபுத்திர மேஜரும் தஹியாவும் அதே மண்ணில்தான் விழுந்தார்கள். நினைவு நாள் மேடையில் அவர்கள் அனைவரும் ஒரே கம்பெனியாகவே நிற்க வேண்டும்.

2021 நவம்பர் 18 அன்று, லடாக்கில் புதுப்பிக்கப்பட்ட நினைவிடத்தைத் திறந்து வைத்த பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், 13 குமாவுனில் பணியாற்றிய முதியவரான பிரிகேடியர் ஜாதரின் சக்கர நாற்காலியைத் தாமே தள்ளிச் சென்றார். பொதுவாக இத்தகைய காட்சிகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்பவன் அல்லன். அன்று மட்டும் மனம் நிறைந்தது. ஏனெனில், அங்கே மரியாதை கல்லுக்குப் போகாமல் மூச்சு விடும் மனிதரிடம் போய்ச் சேர்ந்தது.

ரேவாரியிடம் நான் எதிர்பார்ப்பதும் அதே வகையான செயல்தான். திரும்பி வந்தவர்கள் சொன்னவை, அவர்களுடைய குடும்பங்களின் நினைவில் இருப்பவை, போர்முனையிலிருந்து வந்த கடிதங்கள், கைம்பெண்ணாகி நிலத்தையும் பிள்ளைகளையும் காத்த பெண்களின் அனுபவங்கள் எல்லாம் அவர்கள் பேசும் அகீர்வாட்டியிலேயே குரலாகப் பதிவு செய்யப்பட்டு, நினைவிடத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கும்படி வைக்கப்பட வேண்டும். மாவட்டப் பள்ளிகளில் 114 பெயர்களும் அவரவர் கிராமத்தின் பெயரோடு படிக்கப்பட வேண்டும். நவம்பர் 18 அன்று தலைவர்களின் உரைக்கு முன், திரும்பி வந்தவர்களின் பெயர்களைத் தனியே வாசித்து, அவர்கள் சொன்னதை 1962இல் நம்பாமல் போனதற்காக அவர்களுடைய குடும்பத்தாரிடம் அந்த மேடையிலேயே வருத்தம் தெரிவிக்க வேண்டும்.