நம் காலடியில் நெருப்புக் கடல் எதுவும் இல்லை

நேற்றும் ஒருவர் அந்தக் காணொளியை அனுப்பியிருந்தார். பூமியைப் பாதியாக வெட்டிக் காட்டுகிறார்கள், மேலே மெல்லிசாக ஒரு பழுப்பு ஓடு, அதற்கு அடியிலேயே தகதகவென்று ஆரஞ்சு நிறக் குழம்பு, ஓட்டின் உடைந்த துண்டுகள் அதில் தெப்பம் மாதிரி மிதந்து ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன, பின்னணியில் திகில் இசை. 'நாம் நெருப்புக் கடல் மேல் வாழ்கிறோம்' என்று தலைப்பு வேறு. தனித்தனியாகப் பதில் போட்டு மாளவில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன். அந்தத் துண்டுகளுக்கு, அதாவது தட்டுகளுக்குக் கீழே இருப்பதும் பாறைதான். திடமான பாறை.

எப்படித் தெரியும்? நிலநடுக்க அலைகளில் எஸ் அலை என்று ஒரு வகை உண்டு, போகிற திசைக்குக் குறுக்காக ஆட்டிக்கொண்டே போவது. திரவத்துக்குள் அது நுழையாது. திடப்பொருளைக் குறுக்காக அசைத்தால் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும், திரவத்துக்கு அந்தக் கவலையே கிடையாது. இந்த அலை தட்டுகளைத் தாண்டி, கிட்டத்தட்ட 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை போய்வருகிறது. அங்கே வெளிக்கருவம், அதாவது பூமியின் மையக் கருவின் வெளியடுக்கு, தொடங்கும் இடத்தில்தான் நிற்கிறது. அதுதான் உண்மையான திரவம், அதுவும் பெரும்பாலும் உருகிய இரும்பு. வழியில் சில ஆழங்களில் அலையின் வேகம் கொஞ்சம் குறையும், அங்கே கனிமத் துகள்களுக்கு இடையில் துளியூண்டு உருகியிருக்கலாம். அவ்வளவுதான். அப்படியானால் எரிமலைக் குழம்பு? அழுத்தம் குறைகிற இடத்திலும், நீர் கலந்து உருகுநிலை இறங்குகிற இடத்திலும் அவ்வப்போது உண்டாகிறது. தொட்டியில் நிரம்பிக் காத்திருப்பதில்லை.

எனக்கு அதைவிட எரிச்சல் தருவது மேலோட்டையும் பாறைக்கோளத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. மேலோடு என்பது எந்தக் கல்லால் ஆனது என்பதை வைத்துப் பிரித்தது. 1909இல் நிலநடுக்க ஆய்வாளர் மொஹோரோவிசிச் நிலநடுக்கப் பதிவுகளில் கண்டுபிடித்த எல்லை அதன் அடிப்பக்கம்: கடலுக்கடியில் சுமார் 7 கிலோமீட்டரில், கண்டங்களில் சராசரியாக 35, 40 கிலோமீட்டரில். பாறைக்கோளம் அப்படிப் பிரித்ததல்ல. மேலோடும் அதற்கடியில் கவசத்தின் (மேலோட்டுக்கும் கருவத்துக்கும் நடுவே இருக்கும் பாறை அடுக்கு) குளிர்ந்த மேல்பகுதியும் சேர்ந்து ஒரே துண்டாக நகர்வதற்குத்தான் அந்தப் பெயர். அந்தத் துண்டின் அடிப்பாகமும், அதற்குக் கீழே இளகலாக இருக்கும் அஸ்தெனோஸ்பியரும் பெரும்பாலும் ஒரே வகைப் பாறை, பெரிடோடைட். வித்தியாசம் சூட்டில்தான். ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அதே கல் கெட்டித்தன்மையை விடுகிறது. 1914இல் புவியியலாளர் ஜோசப் பாரெல் இந்தப் பிரிவினையைப் பேசியதே வலுவை வைத்துத்தான், கல்லின் வகையை வைத்தல்ல.

சரி, கெட்டி என்றால் என்ன? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் பார்னெல் என்ற பேராசிரியர் ஒரு கண்ணாடிப் புனலில் கருந்தாரை ஊற்றி வைத்தார். சுத்தியலால் அடித்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும் தார் அது. ஆனால் புனலிலிருந்து சொட்டுகிறது. 2014 வரை மொத்தம் 9 சொட்டு. அது திடமா திரவமா என்று கேட்டால், எவ்வளவு நேரம் காத்திருக்கத் தயார் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். கவசப் பாறையும் அப்படியே, அதன் காத்திருப்பு மட்டும் பல நூறு ஆண்டுகள். நிலநடுக்க அலை வந்து ஆட்டினால் எஃகு மாதிரி நடந்துகொள்ளும். அதே பாறையின் மேல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பனிப்பாளத்தை ஏற்றி வைத்தால் மெல்ல விலகி வழிவிடும்.

1731இல் செல்சியஸ் (வெப்பமானிக்காரரேதான்) சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலுள்ள போத்னியா வளைகுடாவில் ஒரு தீவுப் பாறையில் கடல்மட்டத்தைக் குறித்து ஒரு கோடு வெட்டினார். கடல் வற்றுகிறது என்பது அவர் எண்ணம். இன்று அந்தக் கோடு தண்ணீரை விட்டு நன்றாக மேலே நிற்கிறது. உண்மையில் எழும்பியது தரை. பனியுகத்துப் பனி உருகிப் போய் 10,000 ஆண்டுகள் ஆகியும் அழுந்திய நிலம் இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது, அந்த வளைகுடாவின் வடபகுதியில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு.

அப்படியென்றால் எல்லாமே வழிந்துவிட வேண்டியதுதானே? அஸ்தெனோஸ்பியர் தன்மேல் விழும் பாரத்தைக் காலப்போக்கில் மறந்துவிடுகிறது, பாறைக்கோளம் மறப்பதில்லை. பாறைக்கோளத்தின் தனித்தன்மையே இதுதான் என்பேன். ஹவாய் தீவுகளைப் பாருங்கள். கடலடியிலிருந்து அளந்தால் 10 கிலோமீட்டரை ஒட்டி நிற்கும் எரிமலைப் பாரம். அதன் அடியில் தட்டு பலகை மாதிரி வளைந்திருக்கிறது, தீவுகளைச் சுற்றி அகழி போல ஒரு பள்ளம், சில நூறு கிலோமீட்டர் தள்ளி லேசான ஒரு மேடு. பழைய தீவுகளுக்கு வயது பல லட்சம் ஆண்டுகள், பலகை இன்னும் பாரத்தைத் தாங்கிக்கொண்டு வளைந்தபடியே இருக்கிறது. சிறிய பாரத்துக்கும் வளையும்: அமேசான் படுகையில் மனாஸ் நகரத் தரை, ஆற்று வெள்ளத்தின் எடையால் ஆண்டுதோறும் 5 முதல் 7.5 சென்டிமீட்டர் இறங்கி, தண்ணீர் வடிந்ததும் மீண்டும் ஏறுகிறது.

அதற்காக முழுத் தடிமனும் ஒரே மாதிரி கெட்டி என்று நினைக்கக் கூடாது. கண்டங்களில் பெரும்பாலான நிலநடுக்கங்கள் மேலே உள்ள 15, 20 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். அதற்குக் கீழே 300 டிகிரி தாண்டியதும் கண்டப் பாறைகளில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமம் உடைவதை விட்டுவிட்டு நெகிழ ஆரம்பிக்கும். கவசத்தின் முக்கியக் கனிமமான ஆலிவைனுக்கு அந்த நெகிழ்ச்சி வர இன்னும் எத்தனையோ டிகிரி சூடு வேண்டும்.

அப்புறம் அந்த 'மிதப்பது'. கண்டங்களின் மேலோடு கனம் குறைந்தது, அதனால் உயர்ந்து நிற்கிறது, அது சரி. ஆனால் கடலடித் தட்டுக்கு அந்த வார்த்தை பொருந்தவே பொருந்தாது. நடுக்கடல் முகட்டில், அதாவது தட்டுகள் விலகும் கடலடி மலைத்தொடரில், பிறக்கும்போது அதற்குத் தடிமனே கிட்டத்தட்ட இல்லை. விலகிப் போகப் போகக் குளிர்கிறது, குளிரக் குளிர அடியில் இருக்கும் பாறையும் கெட்டியாகி அதோடு சேர்ந்துகொள்கிறது, கடைசியில் 100 கிலோமீட்டர் தடிமன் வரை வந்துவிடுகிறது. சுருங்கிக் கனத்து இறங்குவதால்தான் முகட்டில் 2.5 கிலோமீட்டராக இருக்கும் கடல் ஆழம் பழைய தரையில் 6 கிலோமீட்டரை நெருங்குகிறது. வயதான தட்டு தனக்குக் கீழே இருப்பதைவிட அடர்த்தியானது! வாய்ப்புக் கிடைத்தால் மூழ்கும், மூழ்கும்போது பின்னால் இருக்கும் தட்டையும் இழுத்துக்கொண்டு போகும். தட்டுகள் நகர்வதற்கு முக்கியமான காரணமே இந்த இழுவைதான். எந்தத் தெப்பம் இப்படிச் செய்யும்?

இந்த நெருப்புக் கடல் கதைக்கு நேர் எதிரான தவறைச் செய்தவர் இயற்பியலாளர் கெல்வின். உள்ளே எல்லாம் அசையாத திடப்பொருள், வெப்பம் கடத்தல் மூலமாக மட்டுமே வெளியேறும் என்று வைத்துக்கொண்டு 1862இல் பூமியின் வயதைக் கணக்கிட்டார். 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுகள் வரை என்று விடை வந்தது. உண்மை வயது 450 கோடிக்கு மேல். அவருடைய பழைய உதவியாளர் ஜான் பெரியே 1895இல் அந்த அடிப்படையைக் கேள்வி கேட்டார். பாறைக்கோளம் வரைக்கும் கெல்வின் சொன்னது செல்லும், வெப்பம் அதைக் கடத்தலால்தான் கடக்கிறது. அதற்குக் கீழே திடப் பாறையே சுழன்று வெப்பத்தை மேலே கொண்டுவருகிறது.

காணொளி அனுப்பியவருக்கு ஒரே ஒரு திருத்தம்தான் அனுப்பினேன்: ஆரஞ்சைப் பச்சையாக்கச் சொல்லுங்கள். எரிமலைகள் கவசத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வரும் பெரிடோடைட் துண்டுகள் ஆலிவைன் நிறைந்து நல்ல பச்சையாக இருக்கும். அந்த ஆழத்துச் சூட்டில் எந்தக் கல்லும் ஒளிரத்தான் செய்யும் என்று அவர் மடக்கினார். சரி, அந்த ஒன்றை ஒப்புக்கொண்டேன்.